இரண்டு வரிசை

கடிதத்திலை கையெழுத்து வைச்சது நான்தான். இன்ன நாள், இன்ன நேரம், டுசல்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சதுக்கத்திலை அமைதியாக் கூடப்போறம், பொறுப்பாளர் இன்னார் எண்டு பொலிசுக்குக் குடுக்கிற கடிதம். ஜெர்மன் முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறபடியால் எனக்கு டொச் பாஷை நல்லா வருமாம். ஆளாளுக்கு அதைச் சொல்லியே என்ரை தலையிலை கட்டிவிட்டினம். ஊரிலை சனத்துக்கு மேலை ஆமியின்ரை செல் குண்டு விழுந்துகொண்டிருக்கிற நேரம், மாட்டன் எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது?

அண்டைக்கு இரவு சாப்பிடேக்கை என்ரை மனுசன் வாயைத் திறந்தார்.

"பிரஜாவுரிமைக்குப் போட்டு பதினாலு மாசமாகுது. பிள்ளையளின்ரையும் உன்ரை விண்ணப்பத்தோடைதான் போகுது. பொலிசிலை ஒரு பதிவு விழுந்தால் எல்லாம் முடிஞ்சுது. உனக்கென்ன விசரே?"

அவர் சொன்னதிலை பிழையில்லை. அதாலைதான் எனக்குக் கோபம் கூட வந்தது. கையெழுத்து வைச்ச பிறகு சொல்லி என்ன பிரயோசனம் எண்டு கோப்பையைக் கழுவப் போட்டிட்டு எழும்பிப் போட்டன். அந்தக் கிழமை முழுக்க ஒழுங்கா நித்திரை இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் கூடினம்; முணுமுணுத்துக்கொண்டு இவரும் வந்தார். நல்ல குளிர். றோட்டிலை இறங்கப்படாது, தடிச்ச தடி கொண்டரப்படாது, ஆரும் ஏதும் சொன்னால் திருப்பிச் சொல்லப்படாது எண்டு பொலிஸ் தந்த கட்டளையளை ஒலிபெருக்கியிலை மூண்டுதரம் தமிழிலை வாசிச்சன். நாலாந்தரமும் வாசிக்கப் போக, "விளங்கீட்டுது தங்கச்சி, விடு" எண்டா முன்னுக்கு நிண்ட ஒரு அக்கா.

அரை மணித்தியாலம் ஒரு பிரச்சினையுமில்லை. பிறகு றோட்டுக்கு அங்காலை கொழும்பு அரசாங்கத்துக்கு ஆதரவா ஒரு முப்பது பேர் கொடியோடை வந்து கத்தத் தொடங்கிச்சினம். எங்கடை ஆக்களும் சத்தத்தைக் கூட்டிச்சினம். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணிப்போத்தல் பறந்து வந்து அந்த அக்காவின்ரை தோளிலை விழுந்தது. அவ அப்பிடியே குந்தீட்டா. எங்கடை ஆம்பிளையள் ரெண்டு பேர் முன்னுக்குக் கால் வைக்க, நான் ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சன்.

பொலிஸ் ஓடி வந்தது. அப்ப இஞ்சத்தைப் பொலிசின்ரை உடுப்பும் ஊர் ஆமியின்ரை மாதிரிப் பச்சை. தலையிலை ஹெல்மெட். ஊரிலை கல்லை ஆர் எறிஞ்சாலும் பிடிபடுறது நாங்கள்தானே. பதினாலு மாசமும் போச்சுது, பிள்ளையளின்ரை வாழ்க்கையும் போச்சுது எண்டுதான் ஓடிச்சுது மண்டைக்குள்ளை.

ரெண்டு பக்கத்துக்கும் நடுவிலை அவை வரிசையா நிண்டினம். ஒரு பொலிஸ்காரி நேரை என்னட்டை வந்தா.

"பொறுப்பாளர் ஆர்?"

"நான்தான்." தொடங்கினாப் பிறகு வாய் நிக்கேல்லை. "எங்களுக்கு அனுமதி இருக்கு. போத்தல் அங்காலை இருந்துதான் வந்தது. எங்களைச் சோதிக்கிறதெண்டால் அவையையும் சோதியுங்கோ. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம்தானே?"

இவ்வளவு நல்ல டொச் என்ரை வாயிலை அதுக்கு முதல் வந்ததில்லை. அவ என்னைத் தாண்டிப் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு நிண்டா.

"உங்கடை ஆக்கள் என்ன செய்யினம்?"

திரும்பிப் பார்த்தன். சத்தம் நிண்டுபோச்சு. ஆம்பிளையள் ஒரு வரிசை, பொம்பிளையள் ஒரு வரிசை. காற்சட்டைப் பைக்குள்ளையும் கைப்பைக்குள்ளையும் இருந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் படம் ஒட்டின பக்கத்தைத் திறந்து பிடிச்சபடி நிக்கினம். அகதிகளுக்குக் குடுக்கிற நீலப் பாஸ்போர்ட்தான் கனக்க. ஜெர்மன் பிரஜாவுரிமை எடுத்தவையும் அதே வரிசையிலை. அடி வாங்கின அக்கா ஒரு கையாலை தோளைப் பொத்திக்கொண்டு மற்றக் கையிலை அதைப் பிடிச்சிருந்தா. என்ரை மனுசன் நாலாவதா நிண்டார். படத்திலை இருக்கிற மாதிரி முகம் தெரியவேணுமெண்டு அந்தக் குளிருக்குள்ளை தொப்பியைக் கழட்டிக் கக்கத்திலை வைச்சிருந்தார்.

"ஆர் இப்பிடி நிக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஊரிலை யூனிஃபோம் போட்டவை வந்தால் அடையாள அட்டையைக் காட்டி நாங்கள் இப்பிடித்தான் நிக்கிறனாங்கள்."

அவ சொன்னா: "நாங்கள் உங்களைச் சோதிக்க வரேல்லை. எறிஞ்ச ஆளைப் பிடிச்சாச்சு. காயப்பட்டவ முறைப்பாடு குடுக்கலாம். உங்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. தொடருங்கோ."

நான் ஒலிபெருக்கியை எடுத்து எல்லாரையும் பாஸ்போர்ட்டை உள்ளை வைக்கச் சொன்னன். ஒரு கை இறங்கவேணுமே!

"அவ ஒருக்காப் பார்க்கட்டும் தங்கச்சி," எண்டா அக்கா. "பார்த்திட்டால் பிரச்சினையில்லை. பார்க்காமல் விட்டால்தான் பிறகு தேடி வருவினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சனத்தைக் கொல்லாதேங்கோ எண்டு கத்த வந்த இடத்திலையும் வரிசையிலை நிண்டு முகம் காட்டிறமே எண்டு ஆத்திரம். "இஞ்சை எங்களுக்கு உரிமை இருக்கு. அவை எங்களைக் காக்கத்தான் நிக்கினம். உள்ளை வையுங்கோ," எண்டு குரல் கிழியக் கத்தினன். ஒண்டு ஒண்டாக் கையள் இறங்கிச்சுது. கடைசியா இறக்கினது என்ரை மனுசன்.

பொலிஸ்காரி எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா. "நீங்களும்."

குனிஞ்சு பார்த்தன். வலக்கையிலை ஒலிபெருக்கி. இடக்கையிலை என்ரை நீலப் பாஸ்போர்ட், அவவின்ரை நெஞ்சுக்கு நேரை, படம் அவவைப் பார்த்தபடி. எப்ப எடுத்தனெண்டு இண்டைக்கும் தெரியாது. ஒரே சட்டமோ எண்டு கேக்கேக்கையும் அது கையிலை இருந்திருக்கு. கைப்பையின்ரை சிப் மூண்டாந்தரம் இழுக்கத்தான் திறந்தது.

வீட்டை போக ஸ்டேஷனிலை ஏறின கோச்சியிலை இவர் பக்கத்திலை இருந்தார். ரெண்டு ஸ்டேஷன் தாண்டினாப் பிறகு கேட்டார்.

"உன்ரை பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தவளோ?"

"இல்லை."

தொப்பியை மடியிலை வைச்சுத் தடவினார். "பார்த்திருந்தால் நல்லது."

"ஓம்," எண்டன் நானும்.