சுவரில் ஐந்தாவது ஆள்

எங்கள் ஊர் பாஸ்கட்பால் மைதானத்துச் சுவரில், இதுவரை ஆடியவர்களிலேயே சிறந்த ஐந்து பேரின் முகங்களை வரைவதென்று முடிவானபோது, நாலு முகத்துக்குச் சண்டையே இல்லை. ஐந்தாவது முகத்துக்குத்தான் டீக்கடையில் எங்கள் தொண்டை கிழிந்தது.

கள்ளக்குறிச்சியில் பாஸ்கட்பாலா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சிமெண்டுத் தளம். அறுவடை சமயத்தில் அதில் பாதியில் மக்காச்சோளம் காயும், மீதிப் பாதியில் நாங்கள் ஆடுவோம். பந்து சோளத்துக்குள் போய் விழுந்தால் காயப்போட்டவர்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அதனால் எங்கள் பையன்களுக்கு நீளமாக எறிகிற பழக்கமே வரவில்லை. இடுக்கில் நுழைத்து, கைக்குக் கை கொடுத்துத்தான் ஆடுவோம். வெளியூர் அணிகள் திணறியது அதில்தான்.

அப்படிக் கொடுப்பதில் எமகாதகன் ஒருவன் இருந்தான். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து இறங்கி வந்து, பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் கொடுத்த பந்துகளை வாங்கிக் கூடையில் போட்டவன்தான் எங்கள் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு விளையாட்டுக் கோட்டாவில் சென்னையில் வேலை கிடைத்தது. சுவரில் முதல் இடம் அவனுக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை, அவன் எகிறினால் பார்க்க அவ்வளவு அழகு. மலைக்காரன் படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி மரவள்ளியும் சாமையும் போடுகிறான். நான்? நான் மாற்று ஆளாகப் பெரும்பாலும் பெஞ்சில். ஆட்டத்தை என்னைவிட முழுசாகப் பார்த்தவன் எவனும் இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

முகங்களை முடிவுசெய்ய உட்கார்ந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பழைய ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். அதில் எலவனாசூர்கோட்டைக்காரன் ஒருவன், இப்போது வக்கீல். ஐந்தாவது முகமாக நான் மலைக்காரனைச் சொன்னதும் அவன்தான் ஆரம்பித்தான்.

“அவன் இன்னா பண்ணான்? பந்தை எடுத்து நம்ம ஸ்டாரு கையில குடுத்தான். பரிமாறுறவனுக்கும் சமைக்கிறவனுக்கும் வித்தியாசம் வேணாமா? இவன் காலு சுளுக்கி உக்காந்த வருஷம் அவன் தனியா ஆடினானே, ஒரு கப்பு வந்துச்சா?”

வரவில்லைதான். எனக்குச் சுருக்கென்றது. நட்சத்திரம் இல்லாமல் அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான்? இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்னொருவன் பக்கத்தில் நின்றே ஆடியவனைத் தனியாக எடுத்து எப்படி எடை போடுவது?

வாக்குவாதம் முற்றியபோது எங்கள் ஐந்து பேரில் செல்போன் கடை வைத்திருப்பவன் ஒரு வழி சொன்னான். “மலைக்காரங்க இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்கப்பா. போய்க் கேளு, அவனே வேணாம்னுடுவான்.”

எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கும்தான். மலையில் இருப்பவனுக்கு ஆசாபாசம் கம்மி என்று நாங்கள் சமவெளிக்காரர்கள் எப்போதோ முடிவு கட்டி வைத்திருக்கிறோம். யாரைக் கேட்டு முடிவு கட்டினோமோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன்.

வீட்டை ஒட்டிய மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்தான். தலையில் நரை. தோள் மட்டும் அதே தோள். அவன் மனைவி, “உக்காருங்கண்ணா” என்று கட்டிலை இழுத்துப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி, அவன் வேண்டாமென்று தலையாட்டக் காத்திருந்தேன்.

“எனக்கு வோணும் மச்சான்” என்றான்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இன்னா, வேணாம்பேன்னு நெனச்சிக்கினு வந்தியா? மலைக்காரன்னா ஆசை இருக்காதா? கீழ எறங்கினா எவனைப் பாத்தாலும், ‘நீ அவங்கூட ஆடுனவன்தான’ன்றான். எங்கூட அவன் ஆடினான்னு ஒருத்தன் சொல்லல. எம் பொண்ணே கேக்குது, ‘நீ நல்லா ஆடுவியாப்பா, இல்ல அவுரு மட்டுந்தானா’ன்னு. நான் இன்னா சொல்லட்டும்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தான்.

“ஆனா ஒன்னு. அவன் சொல்லித்தான் போடறீங்கன்னா எனக்கு வோணாம். அப்புறம் சுவத்துலயும் அவன் ஆளாத்தான் நிக்கணும். நீங்க பாத்தீங்க இல்ல? நீங்க சொல்லுங்க.”

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் கூடினோம். வழக்கமாகக் கத்துகிற நான் அன்றைக்கு நிதானமாகவே பேசினேன். நட்சத்திரம் போட்ட கூடைகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கின்றன. எதிரணியில் யார் பெரிய ஆளோ, அவனை ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு மடக்கியது யார்? மலைக்காரனால் விழாமல் போன கூடைகளை யார் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்? நான் வைத்திருக்கிறேன். பெஞ்சில் எனக்கு வேறு வேலை இல்லை.

வக்கீல்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டான். அந்த நேரம் பார்த்து செல்போன் கடைக்காரன், “எதுக்கு இவ்ளோ பேச்சு, அவனையே கேட்டுடலாம்” என்று நட்சத்திரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டான்.

“இதுல கேக்க இன்னா இருக்குது? அவன் இல்லன்னா நான் ஏது? போடுங்கப்பா” என்றது சென்னைக் குரல்.

தங்கமான வார்த்தை. மனசாரச் சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள், வக்கீல் உட்பட. அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நொடியில் யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மலைக்காரன் வேண்டாமென்றது இதைத்தான்.

“அவன் சொன்னது செல்லாது” என்றேன். “போனை எல்லாம் பாக்கெட்ல போடுங்க. நீங்க இன்னா நெனைக்கறீங்களோ அதுக்குக் கை தூக்குங்க. யாருக்காகவும் தூக்க வேணாம்.”

“உனக்கு இன்னா கிறுக்கா? கெடைச்சதைக் கெடுத்துக்கினு!” என்று செல்போன் கடைக்காரன் எகிறினான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தோற்றுவிட்டால் மலைக்குப் போன் செய்து என்ன சொல்வேன்? ஆனாலும் முதல் கையை நானே தூக்கினேன். கடைக்காரன் முறைத்துக்கொண்டே தூக்கினான். வக்கீல் தூக்கவில்லை, அவன் பக்கத்தில் இருந்தவனும் தூக்கவில்லை. மிச்சம் இருந்த லாரிக்கார நண்பன் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மேலே வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. காலையில் மேட்டுக்கு வந்து அவனே கூப்பிட்டான். நட்சத்திரம் பேசியது, கைதட்டல், நான் அதைத் தள்ளி வைத்தது, எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“எத்தினி பேரு தூக்குனாங்க?”

“என்னோட சேத்து மூணு.”

“ரெண்டு பேரு தூக்கலயா?”

“தூக்கல” என்றேன். இதை வேறு சொல்லியிருக்க வேண்டுமா என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான், வாய்விட்டு.

“அப்ப அவன் பேச்சுக்காவத் தூக்கல, நெஜமாத்தான் தூக்கியிருக்கீங்க. வரையச் சொல்லு மச்சான்.”