நொமியாமாவின் வலது கால்

நொமியாமா தெருவோவின் வலது கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மனிதர் உட்கார்ந்தால் போதும், குதிகால் தரையை விட்டு எழும்பும், முழங்கால் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கிவிடும். ஜப்பானில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பிம்போ-யூசுரி, வறுமை ஆட்டம் என்று. நீகாத்தாவில் சின்னப் பையனாக இருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மா தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள். "காலை ஆட்டாதடா, தரித்திரம் பிடிக்கும்!" என்பாள். தட்டு விழுந்ததும் கால் நிற்கும். அவள் சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி ஆடும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் ஆடியது. மேஜைமேல் இருந்த நாலு கோப்பைத் தேநீரும் சேர்ந்து நடுங்கின. எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஃபுசாயே அதைப் பார்த்துவிட்டு, "நம்மைப் பார்த்து ஒருத்தர் இவ்வளவு நடுங்குகிறாரே" என்று மனம் உருகித்தான் சம்மதம் சொன்னாள். தபால்காரரைப் பார்த்தாலும் நொமியாமா அப்படித்தான் நடுங்குவார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏமாந்துபோனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே தவிர, வருத்தப்பட்டதில்லை.

கால் மட்டுமா? ஆளே அப்படி. ஒரு வேலை முடியுமுன் அடுத்ததில் கை வைப்பார். ரயில் நிற்குமுன் கதவருகே போய் நிற்பார். யாராவது நிதானமாக யோசித்துப் பேசினால் அந்த வாக்கியத்தைப் பிடுங்கி இவரே முடித்து வைப்பார். இப்படிப்பட்டவருக்குத்தான் கம்பெனியில், உலகத்திலேயே அதிகப் பொறுமை தேவைப்பட்ட ஒரு வேலையைக் கொடுத்தார்கள்.

வேலை இதுதான். வழக்கமான டி.வி. படம் ஐந்நூற்றுச் சொச்சம் கோடுகளால் ஆனது. அதை ஆயிரத்துக்கு மேல் கூட்டி, மனிதக் கண் நேரில் பார்ப்பது மாதிரி ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். கேமரா தயார், பெரிய திரை தயார். ஆனால் எடுத்த படத்தைப் பதிந்து வைக்க வழியில்லை. பார்த்த நிமிஷத்தோடு போச்சு. அதைப் பிடித்து வைக்கும் பதிவுக் கருவியைச் செய்வது நொமியாமா பிரிவின் பொறுப்பு. பத்து வருஷம் அதிலேயே கரைந்தது. ஷோவா ஐம்பத்தேழில், அதாவது 1982-இல், குளிர்சாதனப் பெட்டி அளவில் இரண்டு அலமாரிகளாக அது எழுந்து நின்றது. கட்டைவிரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலான காந்த நாடா ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு ஓடும். நடுவே ஒரு உருளை தலைதெறிக்கச் சுழன்று அந்த நாடாவில் படத்தை எழுதும், எழுதியதைப் படிக்கும். அந்த உருளையைத் தாங்கி நிற்கிற பேரிங்குகளை கமாத்தாவில் சின்னப் பட்டறை வைத்திருந்த ஒகுசோனோ கடைந்து கொடுத்தார். நரைத்த புருவமும், குறைவான பேச்சும், எப்போதும் கழுத்தில் ஒரு துண்டுமாக இருப்பார்.

கருவி ஓடியது. படமும் வந்தது. ஆனால் நடுங்கியது.

ஆய்வுக்கூட மாடி ஜன்னலில் கேமராவை வைத்துச் சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டைத்தான் சோதனைக்கு எடுப்பார்கள். அந்த வீட்டு முகப்பில் ஜன்னல் கம்பிகள் மாதிரி நெருக்கமாக மர அழிகள். நேரில் பார்த்தால் நெட்டுக்குத்தாக நிற்கும் அழிகள், நாடாவில் பதிந்து போட்டுப் பார்த்தால் விளிம்பில் சிலுசிலுவென்று துடிக்கும். பழைய டி.வி.யில் இந்தத் துடிப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது. இந்தத் திரையிலோ, பார்த்துக்கொண்டே இருந்தால் குமட்டியது.

நொமியாமாவுக்குத் தூக்கம் போயிற்று. மின்ரயிலின் அதிர்வோ என்று ரயில் நேர அட்டவணையோடு உட்கார்ந்தார். குளிர்பதன இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் வேர்க்க வைத்தார். கடைசியில் பழி பேரிங்கின் தலையில் விழுந்தது. ஒகுசோனோவை வரச் சொல்லி, பிரிவு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வைத்துக் கத்தினார்.

"இந்தப் பேரிங்குக்குள்ள இருக்கறதுக்குப் பேரு உருண்டையா? கிழங்கு மாதிரி இருக்கு! எங்க பத்து வருஷ உழைப்பு உங்க பட்டறையிலதான் நாறுது, தெரியுமா?"

"மன்னிக்கணும். வேற செஞ்சு கொண்டாரேன்" என்று ஒகுசோனோ இடுப்பு வளையக் குனிந்துவிட்டுப் போனார். வேறு கொண்டுவந்தார். நடுங்கியது. மறுபடி கத்தல், மறுபடி குனிதல். மூன்றாம் முறை அவர் குனிந்தபோது துண்டு கழுத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் போனார்.

இலையுதிர் காலம் தொடங்கியதும் கம்பெனி இயக்குநர் நொமியாமாவைக் கூப்பிட்டார். "ஒளிபரப்பு நிலையத்திலேர்ந்து வகாசுகி-சான் ஆளுங்களோட வர்றார். அன்னிக்கும் படம் நடுங்கினா இந்த வேலையை மூடிடுவோம். கருவி கிடங்குக்குப் போயிடும்" என்றார். நொமியாமா "சரி" என்றார். கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வகாசுகி வருவதற்கு முந்தைய நாள் பார்த்து நொமியாமாவுக்குக் கடைவாய்ப் பல் வலித்துக் கன்னம் வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு மத்தியானம் திரும்பி வந்தார். ஆய்வுக்கூட நடையின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் அந்த வீடு. அழிகள் ஒவ்வொன்றும் கோடு கிழித்தாற்போல நின்றன. அழிகளுக்கு முன்னால் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது, அதன் மீசை மயிர்கூட எண்ணலாம் போலிருந்தது. துடிப்பு இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

பாய்ந்து உள்ளே போனார். "நின்னுடுச்சு! நின்னுடுச்சுடா!" என்று பஞ்சைக் கடித்தபடி கத்திவிட்டு, கண் நிறையப் பார்க்கத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அழிகள் துடிக்க ஆரம்பித்தன.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த தபூச்சி மட்டும் ஒரு கணம் அவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு, சுட்டுக்கொண்டவன் போலப் பார்வையை எடுத்துக்கொண்டான். நொமியாமாவும் குனிந்து பார்த்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தார். அழிகள் நின்றன. கையை எடுத்தார். அழிகள் துடித்தன. கம்பிகள் ஓடுவதற்காகத் தரையைத் தூக்கிப் பலகை போட்டிருந்தார்கள். அவருடைய நாற்காலியும் கருவியும் ஒரே பலகைத் தொடரில் நின்றன.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

தபூச்சி ஒரு அடி பின்னால் போனான். "மழைக்காலத்திலேர்ந்து, தலைவரே."

"மழைக்காலமா! ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க கால் ஆடுதுன்னு உங்க முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்றது? நீங்களே கவனிப்பீங்கன்னு இருந்தோம். நீங்க வெளிய போறப்ப மட்டும் பதிஞ்சு வெச்சுக்குவோம்."

"அதான் என்னை அடிக்கடி டீ குடிக்கப் போகச் சொன்னீங்களா?"

"ஆமாம், தலைவரே. நீங்க வயிறு கெட்டுப் போச்சுன்னு சொன்னப்போ ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

எவனோ ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். நொமியாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஒரு பிரிவே சேர்ந்து நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டிருக்கிறது, ஒரு பெரியவரைத் திரும்பத் திரும்பக் குனிய வைத்திருக்கிறது. இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று இதைச் சொல்லும் எனக்குக் கோபம்தான் வருகிறது. நொமியாமாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவர் காதில் அவருடைய குரலே கேட்டது. கிழங்கு மாதிரி இருக்கு.

கருவிக்கு அடியில் ரப்பர் துண்டுகளைத் திணித்துப் பார்த்தார்கள். குறைந்தது, போகவில்லை. நின்றுகொண்டு பார்த்தார், குதிகால் தட்டியது. அறையில் எந்த மூலைக்குப் போனாலும் அதே பலகைதான். தபூச்சி தலையைச் சொறிந்தபடி, "நாளைக்கு நடையில ஒரு நாற்காலி போட்டு வெக்கட்டுமா? அங்க காத்தோட்டமா இருக்கும்" என்றான். இயக்குநரோ ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். வகாசுகி வருகிறபோது பொறுப்பாளன் கருவிக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் அது வந்தவர்களை அவமதிப்பது என்றார். நொமியாமாவின் மனதும் நடைக்குப் போக இடம் கொடுக்கவில்லை. பத்து வருஷம் அலைந்தவர், அசையாத தன் படத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அரை நிமிஷம் பார்த்ததோடு சரி. இன்னும் ஒரு முறை, உள்ளே இருந்து, முழுசாகப் பார்க்க வேண்டும். அதற்காக அவருக்கு ஏக்கமாகவே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கிண்ணத்தில் மிசோ சூப் நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்ட ஃபுசாயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாள் நீங்க ஆடாம இருந்து பார்த்திருக்கேன்" என்றாள்.

"என்னிக்கு?"

"உங்க அப்பா காரியத்தன்னிக்கு. மந்திரம் முடியறவரைக்கும் மண்டி போட்டு, குதிகால்மேலயே உட்கார்ந்திருந்தீங்க. காலு செத்துப் போச்சு. எழுந்திரிக்கப் போயி சாமியார் மடியில விழுந்தீங்களே, மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. குனிந்து சூப்பைக் குடித்து முடித்தார்.

மறுநாள் வகாசுகி ஆட்களோடு உள்ளே வந்தபோது, கருவிக்குப் பக்கத்தில் தரையில் நொமியாமா மண்டியிட்டு, குதிகால்மேல் அமர்ந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்துத் தலை குனிந்திருந்தார். வெகு நேரம் முன்பே அப்படி உட்கார்ந்துவிட்டார், கால் மரத்துப் போவதற்காக. வலி தாங்காமல்தான் தலை குனிந்திருந்தது. ஆனால் வந்தவர்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அந்த ஊரில் ஒரு பொறுப்பாளன் வெறுந்தரையில் அப்படி உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தோற்றுவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

வகாசுகி பதறிவிட்டார். "ஐயையோ, என்ன இது! எழுந்திருங்க, எழுந்திருங்க. படம் சரியா வரலைன்னா பரவாயில்ல, இன்னொரு வருஷம் பார்க்கலாம். இதுக்குப் போயி..."

இயக்குநரின் முகம் சாம்பலாயிற்று. "நொமியாமா!" என்று பல்லுக்குள் கூப்பிட்டார்.

"படத்தைப் போடு, தபூச்சி" என்றார் நொமியாமா, எழுந்திருக்காமல்.

உருளை சீறிச் சுழன்றது. திரையில் வீடு வந்தது. அழிகள் வந்தன. நின்றன. நொமியாமா கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஒவ்வொரு அழியின் ஒரு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் பழைய ஆணித் துளை ஒன்று தெரிந்தது. பத்து வருஷமாகப் பார்த்த வீடுதான், அந்தத் துளையை அவர் பார்த்ததே இல்லை.

வகாசுகி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு இயக்குநரிடம் கேட்டார். "மன்னிக்கணும். இது புகைப்படம்தானே? நாங்க நாடாவில பதிஞ்சதைப் பார்க்க வந்தோம்..."

அப்போது பூனை வாயைப் பிளந்து, நாக்கைச் சுருட்டி, நீளமாக ஒரு கொட்டாவி விட்டது.

அறையே "ஓ" என்றது. வகாசுகி திரைக்கு அருகே ஓடினார், பின்னால் வந்தவர்களும் ஓடினார்கள். ஆளாளுக்கு அழியையும் மீசையையும் விரலால் காட்டிப் பேசினார்கள். இயக்குநருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது.

நொமியாமா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுத்துக் கதவுப் பக்கம் பார்த்தார். பழுது வந்தால் மாற்றுவதற்காக இயக்குநர் வரவழைத்திருந்த ஒகுசோனோ, மாற்று பேரிங்குகள் இருந்த சின்னப் பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். படம் நடுங்கவில்லை. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

நொமியாமா கைகளை ஊன்றி, முழங்காலாலேயே திரும்பி, அவரை நோக்கி நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"ஒகுசோனோ-சான். உங்க பேரிங்ல ஒண்ணுமில்ல. மொதல் பேரிங்லேயே ஒண்ணுமில்ல. என் கால்தான். நான் ஆட்டின கால்தான்."

திரையருகே நின்ற எல்லோரும் திரும்பினார்கள். நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல் இருந்த நொமியாமாவின் காதருகே பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஒகுசோனோ பக்கத்தில் குந்தினார். பழைய எண்ணெய் வாசனை வந்தது.

"கால் மரத்துப் போச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"ம்."

"நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. படம் ஓடட்டும்."