மலைச் சாமையில் ஓர் அலகு கூடுதல்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் நான் வேதியியல் ஆசிரியர். முதல் வகுப்பை முடித்து அறைக்கு வந்தபோது, சென்னை ஆய்வகத்திலிருந்து நாங்கள் காத்திருந்த கோப்பு வந்திருந்தது.

அது எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆசிரியையின் ஆய்வுக்கானது. அவர் கல்வராயன் மலைக்காரர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். மலைச் சாமையின் புரதத்தில் பெப்டைடு எனப்படும் ஒரு துண்டு, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் வாங்கிய சாமையில் இருந்ததைவிட எடையில் ஓர் அலகு கூடுதலாக இருந்தது. மலைச் சாமை தனி வகை என்று கடைசி அத்தியாயத்தையே எழுதி முடித்திருந்தார். அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். அந்தக் கூடுதல் எடை பெப்டைடின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

வழக்கமான முறையில் பெப்டைடை வாயுவோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளை எடை பார்ப்பார்கள். கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பது போலத்தான். தனக்கு வசதியான இடத்தில்தான் அது முறியும். எங்களுக்கு வேண்டிய நடுப்பகுதி முறியவே இல்லை. ஆகவே சென்னையில் புற ஊதா லேசரை அடிக்கச் சொல்லியிருந்தோம். பெப்டைடின் தொடரே அந்த ஒளியை வாங்கிக்கொள்வதால் அநேகமாக எல்லா இணைப்புகளிலும் அது உடையும். அரிவாளால் துண்டு போட்ட மாதிரி.

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். கூடுதல் எடை அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் இருந்தது. அதற்கு அடுத்து கிளைசின் என்ற இன்னொன்று. இப்படி இரண்டும் சேர்ந்த இடம், வெந்நீரில் கிடந்தால் தானாகவே அஸ்பார்டிக் அமிலமாக மாறி ஓர் அலகு ஏறும். மாறாத பெப்டைடும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தனி வகையாக இருந்தால் அப்படி மிச்சம் இருக்க வேண்டியதில்லை.

மதியச் சாப்பாட்டின்போது ஆசிரியையிடம் துண்டுகளின் எடைகள் குறித்த படத்தைக் காட்டினேன்.

"இன்னா சார், ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றீங்க?"

"மலையிலேருந்து வந்த சாமைய யாராவது சூடு பண்ணாங்களா மேடம்?"

"உமியோட வந்த சாமை சார் அது. குத்தக்கூட இல்ல."

இருந்தாலும் மலையில் இருக்கும் தன் அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணி, காலேஜுக்குக் குடுத்தனுப்பினியே சாமை, அத அவிச்சியா?"

"அவிக்காத குடுப்பாங்களா? குத்தினா எல்லாம் நொய்யா பூடும். ஊற வெச்சி, வேவ வெச்சி, பாறை மேல நல்லா காய வெச்சித்தான் குடுத்தேன். வெளியாளுக்குக் குடுக்கறதுன்னா அப்படித்தான்."

"ஆராய்ச்சிக்குன்னு சொன்னேனே அண்ணி!"

"ஆராய்ச்சி பண்றவங்க சோறு துன்ன மாட்டாங்களா? ஏன், வாத்தியாருக்கு ருசி இல்லியாமா?"

நான் சிரித்துவிட்டேன். ஆசிரியை சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு டப்பாவில் இருந்த மீதிச் சோற்றை மூடினார்.

"லேசர் அடிக்காம இருந்திருந்தா, தீசிஸ் திருத்தறவங்க கண்டுபிடிச்சிருப்பாங்களா சார்?"

"மாட்டாங்க."

"ரெண்டு வருஷம் சார். பஸ்ல போய்க்கினு வந்துகினு எழுதினது."

மாற்றுங்கள் என்றோ, அப்படியே விடுங்கள் என்றோ சொல்வதற்கு அது என் அத்தியாயம் இல்லை. அவர் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு திரும்பவும் போன் போட்டார்.

"அண்ணி, விதைக்கு வெச்ச சாமை இருக்குதா? அத அவிக்கல இல்ல?"

"விதைய எவளாச்சும் அவிப்பாளா? மொளைக்காதேடி! இன்னாதான் படிச்சியோ."

"ஒரு படி எடுத்து வையி. நாளைக்கு வரேன். வெயில்லகூட வெக்காத."

மாலை வழக்கம் போல வீடு திரும்பினேன். அவிக்காத சாமையிலும் அந்த ஓர் அலகு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

நானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன்; மறுநாள் காலை பஸ் நிலையத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முதல் வேலையாகத் தன் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்து, கடைசி அத்தியாயத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். வழிகாட்டி காரணம் கேட்டிருப்பார் போல; "அவிச்ச சாமைங்க" என்றார். பிறகு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.