மச்சான் கடையில் இருந்த ஆடு

மச்சான் கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பழுப்பேறிப்போன பெட்டி, நெற்றியில் சந்தனம், குங்குமம். மற்ற கம்ப்யூட்டர்களோடு அதைச் சேர்க்கும் ஒயர் ஒன்றும் கிடையாது. என் மனைவியின் தம்பியான மச்சான் அதற்கு ‘ஆடு’ என்று பெயர் வைத்திருந்தார். வெளியிலிருந்து எந்த சிடி வந்தாலும், வைரஸ் இருக்கிறதா என்று முதலில் அதில்தான் போட்டுப் பார்ப்பார். கோயிலில் பலி ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலுப்புகிறதா என்று எல்லோரும் காத்திருப்பார்களே, அப்படிக் காத்திருப்பார்.

எங்கள் மூத்த மகள் காய்ச்சலில் போன பிறகு அவள் படங்கள்தான் எங்களுக்கு மிச்சம். ஃபிலிம் சுருள்களில் பூசணம் பிடித்துவிட்டதால், எல்லாவற்றையும் என் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். அதிலேயே அண்ணாமலையாரும் இருந்தால் பிள்ளைக்குத் துணையாக இருக்குமே என்று ஓர் ஆசை. கிரிவலம் போனபோது யாரோ இலவசமாகக் கொடுத்த சிடி கையில் இருந்தது. அட்டையில் மலையும் தீபமும். கார்த்திகை தீபத்தன்று திரையில் தானாக விளக்கெரியும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். படங்களைத் தவிர வேறெதையும் ஏற்ற எனக்குத் தெரியாது. மச்சானிடம் கொண்டுபோனேன்.

“முதல்ல ஆட்டுக்குப் போடலாம் மாமா.”

“சாமி சிடியாச்சே மச்சான், இதுல போயி என்னா இருக்கப் போவுது?”

“சாமி படத்தக் காட்டினா நீங்க கதவத் தொறந்துடுவீங்க. அது ஊருக்கே தெரியுமே” என்று சிரித்தார்.

ஏதோ கல்யாணப் படங்களின் பிரதிகளை ஆட்டில் போட்டு வைத்துவிட்டு, சிடியை ஏற்றினார். மலை வந்தது, மணியோசை வந்தது. வேறொன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா? சந்தேகம் ஜாஸ்தி உங்களுக்கு” என்றேன். அவர் விடவில்லை. “தீபத்தன்னைக்குதான எரியும்னு சொன்னாங்க? அன்னைக்கு என்னா பண்ணுதுனு பாத்துடலாம்” என்று கம்ப்யூட்டரின் தேதியைத் தீபத்துக்கு நகர்த்தினார். திரையில் மலையுச்சியில் விளக்கு எரிந்தது. என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு கைகூப்பினேன். மச்சான் பார்வை மட்டும் பெட்டியில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கின்மேல் இருந்தது. அது நிற்காமல் துடித்தது. “மாமா, ஆடு சிலுப்புது” என்றார் மெதுவாக. படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். ஒன்றுகூட இல்லை. நான் கும்பிட்டு நின்ற நேரத்தில்தான் அத்தனையும் அழிந்திருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் முகத்தைக் காட்டியா இப்படி என்று அண்ணாமலையார்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. வாய்விட்டும் ஏதோ சொல்லிவிட்டேன். மச்சான் என் தோளைத் தொட்டு, “அவர ஏன் மாமா திட்றீங்க? எவனோ அவர் படத்த ஒட்டிட்டான். பாப்பா பத்திரமா இருக்கா” என்றார். இருக்கா என்று சொன்னாரே, அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

இப்போது மச்சான் இல்லை. கடையை ஒழித்தபோது ஆட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் மகள் படத்துக்குக் கீழே இருக்கிறது. இந்தத் தீபத்தன்று மனைவியின் செல்போனில் ஒரு செய்தி. தொட்டால் வீட்டிலேயே தீபம் தெரியுமாம், கூடவே சாமி படம். தொடப்போன விரலை எடுத்துக்கொண்டாள். “என் தம்பி இருந்தா ஆட்டுக்குப் போட்டுப் பாத்திருப்பான்” என்று சொல்லி அதை அழித்தாள். இருவரும் மாடியேறி, மலைமேல் எரிந்த தீபத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

ஆட்டின் நெற்றியில் குங்குமம் வைத்தேன். மின்சாரமே இல்லாத பெட்டி, அது சிலுப்பாது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.