அத்தான் போட்ட பத்தியம்

கண்ணாடித் தம்ளரில் முட்டையின் வெள்ளைக்கரு, அதில் கொஞ்சம் காஸ்டிக் சோடாக் காரம், மேலே இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசல். அத்தான் அதைக் கலக்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நீலமாக விழுந்த சொட்டு கத்தரிப்பூ நிறமாக விரிந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி இருவரும் மறுவீட்டுக்கு எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்திருந்த நாள் அது. மொத்தக் கருப்பட்டி வியாபாரி வீட்டில் மாப்பிள்ளை இப்படி வித்தை காட்டியது அதுதான் முதல் தடவை. "நல்ல முட்டையப் போட்டு இப்படிப் பாழாக்குதாரே" என்று அம்மா அடுக்களைக்குள் முனகினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம் என்றார் அத்தான். புரதம் என்பது நீளமான சங்கிலியாம். அது துண்டு துண்டாக இருந்தால் அதற்குப் பெப்டைடு என்று பெயராம். தாமிரம் அந்தச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும்போது வருவதுதான் இந்த நிறம். எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது, எதைக் கண்டால் விடுகிறது என்பதைக் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் பார்ப்பது அவருடைய வேலை. "இதுக்கா அத்தான் சம்பளம் கொடுக்காங்க?" என்று கேட்டேன். "அதையேதான் எங்க பிரின்சிபாலும் கேக்கார்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் திருவொற்றியூரில் வாடகை வீடு எடுத்துக் குடியிருந்தார்கள். சில வருஷங்களில் அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. கோலம் இழுத்துக்கொண்டு போனது, பேச்சு குழறியது, எச்சில் வழிவது அவளுக்கே தெரியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர், காற்று சேஷ்டை என்றார்கள் சொந்தக்காரர்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அவளுக்குச் சமைத்துப்போட அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் அத்தான் அவளை வாசலுக்குக் கூட்டிவந்து, முகவாயைப் பிடித்து முகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் இருந்தது. கப்பலில் மாதங்கள் தாமதமாக வந்துசேர்ந்த ஒரு பத்திரிகையில் அவர் அதைப் பற்றிப் படித்திருந்தார். உடம்பு வெளியேற்ற வேண்டிய தாமிரத்தை வெளியேற்றாமல் ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்த்துவைத்துக்கொள்ளும் பிறவி நோயாம். இளம் வயது முழுக்கத் தாமிரத்தோடு மல்லுக்கு நின்ற மனிதர், அது தன் மனைவியின் கண்ணுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அன்று அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

அதற்கு ஊசி மருந்து ஒன்று இருந்தது. யுத்தத்தில் விஷப்புகைக்கு முறிமருந்தாகச் செய்தது, கடலை எண்ணெயில் கரைத்துவைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் மூலம் சீமையிலிருந்து வரவழைத்தார். போட்டால் அந்த இடம் கல்லாக வீங்கும், வீடெல்லாம் அழுகிய பூண்டு நாற்றம் அடிக்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஊசி போட்ட மறுநாள் அவளுடைய சிறுநீரை மருந்து பாட்டிலில் அடைத்து, துணிப்பையில் சுற்றி, அத்தான் பஸ்ஸும் டிராமும் மாறிக் கல்லூரிக்குக் கொண்டுபோவார். அங்கே ஏதோ ஒரு மருந்தை அதில் விட்டால், வெளியேறிய தாமிரத்தின் அளவுக்கு மஞ்சள் நிறம் வருமாம். சாயங்காலம் படியேறும்போதே, "இன்னைக்கு நல்ல மஞ்சள்!" என்பார். பெப்டைடுத் துணுக்குகளும் கூடவே வெளியேறுகின்றன என்று சொல்லுவார். எனக்கு அது புரியாது, மஞ்சள் மட்டும் புரியும். மஞ்சள் அடர்ந்த நாட்களில் நாங்கள் மூன்று பேரும் தாயம் ஆடினோம். அக்காவால் காயைப் பிடிக்க முடியாது. அவளுக்காகவும் சேர்த்து நான்தான் நகர்த்துவேன், அத்தான் என்னைக் கள்ளாட்டக்காரி என்பார்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஈரல் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன வார்த்தை அம்மா காதில் விழுந்துவிட்டது. ஈரல் கெட்டதற்கு ஈரலைத்தானே கொடுக்க வேண்டும்? ராயபுரத்திலிருந்து ரயிலேறித் தூக்குச்சட்டியில் ஆட்டு ஈரல் கொண்டுவருவாள். உடம்பு தேற நண்டு ரசம் வைப்பாள். காசிமேட்டிலிருந்து கூடை சுமந்துவரும் மீன்கார அம்மாளும் அவளுக்குத் துணை. "இன்னாம்மா, பொண்ணு இப்டி எளச்சிகீது? நண்டு குடும்மா, எழுந்து ஓடும் பாரு" என்பாள். அக்காவும் சின்ன வயதிலிருந்தே நண்டு என்றால் உயிரை விடுவாள்.

ஈரலிலும் நண்டிலும்தான் தாமிரம் அதிகம். அத்தானுக்கு அது தெரிந்ததும் இரண்டையும் அடியோடு நிறுத்தினார். அம்மாவிடம், "டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கார் அத்தை" என்று மட்டும் சொன்னார். அம்மா தூக்குச்சட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனாள். அடுத்த தடவையும் கொண்டுவந்தாள், அதுவும் திரும்பிப் போனது. "எம்புள்ளய பட்டினி போட்டுக் கொல்லுதாரு" என்று எங்கள் உறவுக்காரர் கடை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா அத்தானிடம் பேசுவதை நிறுத்தினார். "காரணத்தச் சொல்லிட்டா என்ன அத்தான்? எதுக்கு இந்தப் பேச்செல்லாம் கேக்கணும்?" என்று சண்டைக்கே போனேன்.

"இது சாப்பாட்டால வந்த நோயில்ல, பிறவியிலயே வந்தது" என்றார். "ஆனா அத்தைகிட்ட தாமிரம்னு சொன்னா, அவங்களுக்கு நண்டு மட்டும்தான் காதுல விழும். இத்தனை மாசம் ஊட்டினது அவங்க கை. பெத்தவங்க அதை எங்க கொண்டுபோய் வைப்பாங்க? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்." என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை நான் காப்பாற்றினேன். அம்மா சாகும்வரை அவரைச் சபித்துக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் செத்த அன்று அத்தான் எங்கிருந்தோ வந்து, யாரும் வா என்று சொல்லாத தெருவில், வெயிலில் நின்றுவிட்டுப் போனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. இன்று இதே நோய்க்கு மாத்திரை இருக்கிறது. விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று டாக்டராக இருக்கும் என் பேத்தி சொன்னாள். நல்லது என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்காவுக்கோ அந்த ஊசி பலிக்கவில்லை. மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. வயிறு வீங்கிற்று, ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். அத்தான் பாட்டில் எடுத்துப்போவதை நிறுத்தினார். நான் அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஒரு காலையில் மீன்கார அம்மாள் வழக்கம்போல எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். பத்தியம் தொடங்கியதிலிருந்து அவள் எங்கள் வாசலில் நிற்பதில்லை. அத்தான் தட்டுத்தடுமாறித் தெருவுக்கு ஓடி அவளைக் கூப்பிட்டார்.

"கூடையை இறக்குங்கம்மா. நண்டு இருக்கா?"

"இன்னா நைனா, மனசு மாறிகீதா?" என்று அவள் சிரித்தாள். "கீது, கீது. உசுரோட கீது பாரு."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பெரிய நண்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மிளகு தட்டிப்போட்டு அம்மாவே ரசம் வைத்தாள். ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்து, அக்காவைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள், இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். கொல்லையில் துவைகல்லின் மேல் அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கிண்ணத்தை வைக்க அடுக்களைக்கு வந்த அம்மாவின் முகம் பூரித்திருந்தது. அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"பாத்தியாட்டி, எப்படித் திங்கானு! மாப்பிளைக்கு இப்பத்தான் மனசு எளகியிருக்கு. இனிமே எம்புள்ள தேறிருவா."

"ஆமாம்மா" என்றேன்.