பதினொரு செக்கனுக்கு ஒரு காவல்

போன கிழமை மடிக்கணினியின் மூலையில் அந்தப் பெட்டி வந்து நின்றது. அன்ரிவைரஸின் வருடம் முடியப்போகிறது, புதுப்பிக்கிறீர்களா என்று கேட்டது. நான் கைப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்ததுதான் தாமதம், மகள் தொடங்கிவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? விண்டோஸுக்குள்ளையே ஒண்டு சும்மா கிடக்கு. வீட்டுப் பாவனைக்கு அது காணும். வருசா வருசம் ஏன் காசைக் கொட்டுறீங்கள்?"

அவள் சொல்வது சரிதான். கணினிதான் படிக்கிறாள், அவளுக்குத் தெரியாததா? சரியென்று தெரிந்துகொண்டே அட்டையின் இலக்கத்தை அடித்தேன். "நீ உன்ரை வேலையைப் பார்" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊரறிந்த விஷயம். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அன்று முழுவதும் எனக்கு அந்தப் பழைய கணினியின் நினைவாகவே இருந்தது.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் சுவருக்கு அப்போது பூச்சுக்கூடப் பூசவில்லை. கரண்ட் வந்து சில மாதங்கள்தான். போர் முடிந்து மீள்குடியேறி வந்த எங்கள் முல்லைத்தீவுக் கரையில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பத்திரம் தொலைந்துபோயிருந்தது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், எல்லாம்தான். அவற்றைத் திரும்ப எடுக்க ஆளாளுக்குக் கடிதமும் விண்ணப்பமும் தேவைப்பட்டன. எனக்குத் தட்டச்சுத் தெரியும். அதை நம்பி, வவுனியாவில் ஒரு பழைய கணினி வாங்கினேன். பெரிய தலை வைத்த மொனிற்றரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கால் இரண்டும் விறைத்துப்போயின. என்ன சந்தோசம் அன்றைக்கு! கணவர் உடைந்த வள்ளத்தின் பலகையில் ஒரு மேசை அடித்து வைத்திருந்தார். மழை பெய்தால் அந்த மேசையில் இன்னும் கடல் மணக்கும்.

கணினி விற்றவர் அப்போதே சொன்னார்: "வீட்டுக்கு மட்டுமெண்டா சும்மா கிடைக்கிற அன்ரிவைரஸ் காணும் அக்கா. ஆனா நீங்கள் கண்டவையின்ரை பென்டிரைவையும் குத்தப்போறியள். அதுக்குக் காசு குடுத்து வாங்கிறதுதான் நல்லம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் சிரித்தார்.

"இஞ்சாரப்பா, அரிசி சும்மா தந்தாங்கள். பருப்புத் தந்தாங்கள். கூரைக்குத் தறப்பாள் தந்தாங்கள், வலை தந்தாங்கள். இப்ப இதையும் சும்மா தாறமெண்டுறாங்கள். வேண்டாமெண்டு சொல்லுறதே?"

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. முகாமில் வரிசையில் நின்று, அட்டையை நீட்டி, பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்து வாங்கியே வாழ்ந்துவிட்டோம். தந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் செத்திருப்போம். ஆனால் இனிமேல் ஒரு பொருளையாவது நானே விலை கேட்டு, காசு கொடுத்து, பற்றுச்சீட்டோடு வாங்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல் சண்டைதான் பிடித்தேன். மூன்று நாள் சண்டை. கடைசியில் இலவசந்தான் வென்றது.

இவ்வளவு சண்டையும் வெறும் கடிதங்களைக் காப்பாற்ற இல்லை. அந்தக் கணினிக்குள் அப்பா இருந்தார்.

கடைசி இடப்பெயர்வில் அப்பாவும் போனார், அல்பங்களும் போயின. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அடையாள அட்டைகூட அவரோடேயே போய்விட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கனடாவிலிருக்கும் மாமாவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. சித்தியின் கல்யாண வீடியோக் கசற்றை அந்தக் காலத்தில் அவருக்கு அனுப்பியிருந்தோம். அவர் அதை அங்கே ஒரு கடையில் கொடுத்து மாற்றி, நான் கணினி வாங்கிய கிழமையிலேயே ஊருக்கு வந்த ஒருவரிடம் பென்டிரைவில் கொடுத்துவிட்டார். இரண்டு மணித்தியால வீடியோவில் அப்பா வந்தது பதினொரு செக்கன். பந்தியில் மீன்குழம்பு வாளியோடு போகிறார். கமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டு சிரிக்கிறார். "என்னை ஏன்ரா எடுக்கிறாய்? நான் இஞ்சைதானே இருக்கிறன். பொம்பிளை மாப்பிளையை எடு" என்கிறார். அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு செக்கனை வெட்டி எடுத்து, திரையின் நடுவில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் அமத்தினால் திறக்கும் என்று, எங்களோடேயே இருந்த அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்துவிட்டு வர மத்தியானமாகும். அதுவரை அம்மாவும் அப்பாவும் தனியே.

பென்டிரைவை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, சனங்களின் கடிதங்களைப் போட எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. ஓடும் காலத்தில் முக்கியமான எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலடியில் வைத்திருப்போம். ஒரு பை என்றால்தான் ஒரே இழுவையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். இரண்டு இடத்தில் வைத்தால் ஒன்று நிச்சயம் தவறிப்போகும். அதே புத்திதான் கணினிக்கும். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் பத்திரம் என்று நான் மனதார நம்பினேன்.

இலவச அன்ரிவைரஸ் மோசமில்லை. சனங்கள் கொண்டுவந்த பென்டிரைவுகள் இருக்கிறதே, ஐயோ! ஒவ்வொன்றும் ஒரு வைரஸ் பண்ணை. அது ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தது. அதன் ஒரே சனியன், காசு கட்டி வாங்கு என்று ஒருநாளைக்குப் பத்துத் தரம் நச்சரிப்பதுதான். திரையை மறைத்துக்கொண்டு சிவப்பாக ஒரு பெட்டி வரும். உங்கள் கணினிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை, ஆபத்து என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வெறும் விளம்பரம். நான் வாசிப்பதே இல்லை, மூலையில் அமத்தி மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அது விளம்பரம் என்று வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன்.

அன்றைக்கு நான் கணவரைப் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "சும்மா வந்தது, சும்மா வந்தது எண்டு துள்ளினீங்களே. பாருங்கோ இப்ப! அப்பாவை ரெண்டாந்தரமும் சாக்கொண்டிட்டியள்!" வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனுசன், தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு கரையிலிருக்கிற மீன்வாடிப் பக்கம் போய்விட்டார். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மாமாவுக்கு அழைப்பெடுத்தேன். "வீடு மாறேக்கை அந்தக் கசற்றும் டிஸ்க்கும் இருந்த பெட்டி எங்கை போச்சுதெண்டே தெரியேல்லை பிள்ளை" என்றார். பெட்டி பெட்டியாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், பாவம். அப்படியென்றால் உலகத்திலேயே அப்பா இருந்தது இந்த ஒரு பெட்டிக்குள்தான்.

அடுத்தநாள் கணினியைச் சேலைத்துணியில் சுற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். திருத்துகிற கடைக்குப் போகமுன்னமே, பக்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற அன்ரிவைரஸ் ஒன்றை வாங்கிவிட்டேன், பளபளக்கிற பெட்டியோடு. ஆள் போனபிறகு மருந்து வாங்கின கதைதான். அந்தப் பெட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் திருத்துகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"அக்கா, இதிலை வைரஸ் ஒண்டுமில்லை. உங்கடை சும்மா அன்ரிவைரஸ் தன்ரை வேலையை வடிவாத்தான் செய்திருக்கு. இது ஓடிக்கொண்டிருக்கேக்கை கரண்டை நிப்பாட்டினதாலை டிஸ்க் பழுதாப்போனது. ஒருக்கா ரெண்டுதரமில்லை, கன தரம்."

"கரண்ட் கட்டா இருக்கும் தம்பி."

"கரண்ட் கட்டெண்டா எந்த நேரமும் வரும் அக்கா. இது நிண்ட நேரமெல்லாம் உள்ளுக்கை பதிஞ்சிருக்கு. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, காலமை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலை. அந்த நேரம் வீட்டிலை ஆர் இருக்கிறது?"

எந்தக் கதிரையில் யார் இருப்பது என்று எனக்குத்தானே தெரியும்.

வீட்டுக்கு வரும்போது அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். ஒளிக்கவில்லை, தயங்கவுமில்லை.

"ஓம், நான்தான் நிப்பாட்டினனான். சிவப்பா ஒண்டு வரும் பிள்ளை. என்ன எழுதியிருக்கோ தெரியாது, நிறத்தைப் பாத்து ஆபத்தெண்டு மட்டும் விளங்கினது. பிளேன் சத்தம் கேட்டா முதல்லை விளக்கை நூர்த்துப்போட்டெல்லோ நாங்கள் மற்ற அலுவல் பாக்கிறது? அப்பிடித்தான் சுவிச்சை நிப்பாட்டினனான். கொப்பர் உள்ளுக்கை இருக்கிறார். அவராலை ஓடவும் ஏலாது. நான் வேறை என்னத்தைச் செய்ய?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தேன். இத்தனை ஞாயிறும் அம்மா அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அதைப் பிழையென்று நான் எந்த வாயால் சொல்ல? நிப்பாட்டியதால்தான் பழுதானது என்று இன்றுவரை சொல்லவில்லை. "ஏதோ பழுது அம்மா, திருத்தலாமாம்" என்று மட்டும் சொன்னேன்.

கணவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. அன்றிரவு அவருக்குப் பிடித்த மாதிரி பழப்புளி கூடுதலாக விட்டுத் திருக்கைக் குழம்பு வைத்தேன். முழுவதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கொம்பியூட்டருக்கு எவ்வளவு முடிஞ்சாலும் திருத்து" என்றார். அதோடு சரி.

திருத்துகிறவர் இரவு பகலாக முயன்று, மிஞ்சியதை வேறொரு டிஸ்க்கில் எடுத்துத் தந்தார். வேறு மூன்று இடங்களிலும் பிரதி போட்டுத் தந்தார். "அக்கா, அந்தச் சின்ன வீடியோ முழுசா வரேல்லை. ஆறு செக்கன்தான் வந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். நான் வாங்கிய காசு அன்ரிவைரஸையும் அவரே போட்டுவிட்டார். அதிலும் இலவசத்திலும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். இது காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். சிவப்புப் பெட்டி வருவதில்லை. வருடத்துக்கு ஒருக்கால், முடிகிற கிழமையில் மட்டும் தலைகாட்டும். அதற்குள் நான் கட்டிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்விக்குப் போகாமல் அம்மாவோடேயே வீட்டுக்கு வந்தேன். கணவரும் கடலுக்குப் போகாமல் கதவடியில் நின்றார். ஆறு செக்கன்தான் மிச்சம் என்று அம்மாவிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை. அம்மா வழக்கம்போலக் கதிரையை இழுத்துப்போட்டு, இரண்டு தரம் அமத்தினார்.

அப்பா வாளியோடு வந்தார். கமராவைக் கண்டார். சிரித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அம்மா, அப்பா இழுக்கிற அதே இழுவையில், வலது கையை அவரைப்போலவே வீசிக்கொண்டு சொன்னார்:

"என்னை ஏன்ரா எடுக்கிறாய்? நான் இஞ்சைதானே இருக்கிறன். பொம்பிளை மாப்பிளையை எடு."

சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் மிச்ச ஐந்து செக்கனையும் அம்மாதான் சொல்கிறார். இப்போது குரல் தளர்ந்துவிட்டது, மடிக்கணினியை நான்தான் திறந்து வைக்கவேண்டும். அந்த நேரத்தில் சிவப்பாக ஒன்று குறுக்கே வந்து, அம்மாவின் கை சுவிச்சைத் தேடக்கூடாது. அதற்குத்தான் மகளே, நான் காசு கட்டுகிறேன்.