இருக்கை அவருக்கு, அடிவயிறு எனக்கு

வண்டிக்கு மேலே உட்கார்ந்தவனைத்தான் ஊர் பார்க்கும். அடியில் படுத்திருப்பவனை, அவன் காலில் யாராவது தடுக்கி விழுந்தால்தான் தெரியும். லாரிக்கடியிலும் பஸ்ஸுக்கடியிலும் மல்லாந்து கிடந்து கண்ணில் மண் வாங்கிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், சேர்ந்து கொஞ்சம் வயிறெரிவோம்.

ஒரே ஒரு இருக்கை

தொண்ணூறுகளில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். விருந்தினர் விடுதியின் புல்தரைக்காக முதலாளி வெளிநாட்டிலிருந்து, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை வரவழைத்தார். பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். வயிற்றுக்கடியில் கவிழ்த்து வைத்த வாணலி போல ஒரு தகடு, அதற்குள் சுழலும் பிளேடு. பெட்டியைப் பிரித்தது நான். சக்கரம் மாட்டியது நான். முதன்முதலாக எஞ்சினை உறும வைத்ததும் நான்தான். ஓட்டும் வேலை மட்டும் முருகையாவுக்குப் போனது. அவர் ஆலையின் ஜீப் டிரைவர், லைசென்ஸ் வைத்திருந்தார். என்னிடம் இருந்தது சைக்கிள்.

அவர் புல் வெட்டும்போது வேலிக்கு வெளியே கூட்டம் கூடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டும். சப்பரத்தில் வரும் சாமி மாதிரி இவரும் லேசாகத் தலையசைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அடித்தகட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவது என் பங்கு. எனக்கு யாரும் கையாட்டியதில்லை. மாட்டுக்குப் புல் அள்ள வரும் பேச்சியம்மாக்கா ஒருநாள் என்னருகில் நின்று அக்கறையாக விசாரித்தார்: "ஏ தம்பி, வண்டி ஓட்டுத அந்த மகராசனுக்கு நீதான் கூடமாட ஒத்தாசையா?"

பெல்ட்டில் தொங்கிய சாவி

அடியில் கை விடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சமதரையில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். முன்சக்கரங்களை உறுதியான சரிவுப் பலகைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கக்கூடாது. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவைக்க வேண்டும்; அது இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. சாவியை உருவி, படுக்கிறவன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசி விஷயத்தில்தான் தகராறு. முருகையா சாவியைப் பளபளவென்று ஒரு வளையத்தில் கோத்து பெல்ட்டில் தொங்கவிட்டிருந்தார். அவர் வருவதற்கு முன் அதன் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமைதோறும் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உள்ளே இருப்பது என் கை என்று சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. "சாவிய உம்மகிட்ட தந்துட்டு நான் எதைவே ஆட்டிக்கிட்டு நடக்க? பயமா இருந்தா அந்த வயரக் கழத்திப் போட்டுட்டுப் படும்."

சாரல் காலத்து வாசனை

சாரல் காலம் வந்தால் புல் ஈரத்தோடு வெட்டுப்பட்டு, தகட்டுக்குள் அப்பிப் புளித்துவிடும். ஒருமுறை முருகையா பெரிய மனதுபண்ணி, என்னைக் கேட்காமலே ஹோஸ் பைப்பைத் தூக்கி அடியில் தண்ணீர் பீய்ச்சினார். அந்தப் பச்சைக் கூழ் முழுவதும் என் முகத்தில் இறங்கியது. அதன்பிறகு நன்றாக உலரவிட்டே கைவைத்தேன். கனத்த கையுறை மாட்டிக்கொண்டு, பிளேடு சுற்றாதபடி ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு, தேங்காய்ச் சிரட்டையாலும் பனைமட்டையாலும் சுரண்டினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். இரும்பால் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் துருதான்.

ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படியும் என் மனைவி மூக்கைச் சுளிப்பாள். அது பரவாயில்லை. ஆனால் ஒருநாள் அவள் வாசலில் நின்று, தெருவில் போய்க்கொண்டிருந்த முருகையாவைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு ராத்திரிச் சோற்றை இறங்கவிடவில்லை: "அந்த அண்ணனும் அதே வண்டியிலதான வேலை பாக்காவ? சட்டையில தேச்ச மடிப்புகூட கலையலை பாருங்க."

ஆயுத பூஜை

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு விடிவதற்கு முன்பே வந்து அடித்தகட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்துவைத்தேன். முருகையா வண்டியைச் சரிவுப் பலகைகளிலிருந்து தள்ளி இறக்கி, மேல்பகுதிக்கு அலங்காரம் செய்தார். ஸ்டீயரிங்கில் வாழைக்கன்று, முன்னால் ரோஜா மாலை, விளக்குக்கு விளக்கு சந்தனப் பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். இருக்கைக்குக்கூட ஒரு பொட்டு வைத்தார். நான் துடைத்த இடத்துக்கு ஒரு துளி குங்குமம் கிடையாது. அது எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் மேனேஜரை வரவேற்கப் போன நேரத்தில், குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் குப்புறப் படுத்தேன். வெட்டிய புல் வந்து விழும் வாய் வழியாகக் கையைவிட்டுப் பிளேடுக்குப் பொட்டு வைத்தேன். பிளக் வயரை நான் இன்னும் மாட்டியிருக்கவில்லை. சாவி பூஜைத் தட்டில் இருந்தது.

கூட்டம் திரும்பி வந்தது, பூஜைக்குக் கட்டிய ரேடியோ செட் அலறியதில் எனக்குக் கேட்கவில்லை. வாழை இலை மறைத்ததில் என்னையும் யாரும் பார்க்கவில்லை. மேனேஜர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். தலைக்கு மேலே ஸ்டார்ட்டர் கரகரத்ததும் கையை இழுத்தேன். முழுக்கைச் சட்டையின் பொத்தான் தகட்டு விளிம்பில் மாட்டிக்கொண்டது. எஞ்சின் பிடிக்கவில்லை என்று அவர் ஏதோ ஒரு லீவரைத் தள்ளினார். அது பிளேடு லீவர். உள்ளே பிளேடு ஒரு குலுக்குக் குலுக்கி என் விரல் கணுவை இடித்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி சாவிக்குக் கையைக் கொண்டுபோனார். அப்போதுதான் முருகையா என் காலைப் பார்த்தார். யோசிக்கவில்லை, மேனேஜரின் கையை ஓங்கி அடித்துத் தட்டிவிட்டு, சாவியை உருவி எறிந்தார்.

பொத்தானைப் பிய்த்துக்கொண்டு எழுந்து நின்றேன். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்திருந்தால் அவர் எதையும் தட்டிவிட நேரம் இருந்திருக்காது. பிடிக்காமல் போனதற்குக் காரணம் நான் கழற்றி வைத்த வயர். இதை ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கினேன். கூட்டமோ முருகையாவைத் தோளில் தூக்காத குறை. விளக்கம் கேட்ட, ஆலையின் ஸ்டோர்ஸைப் பார்க்கும் அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்துப்போய்க் கண்டித்தார்: "நல்ல நாளும் அதுவுமா வண்டி கிளம்பாமப் போனது உம்மாலதானா? இத வெளிய சொல்லாதயும்வே!"

பரிசு

மறுவாரம் மேனேஜர் உத்தரவு போட்டார்: சுத்தம் செய்யும்போது சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும். மனம் குளிர்ந்தது. அந்தக் கையோடு, ஓர் உயிரைக் காத்ததற்காக முருகையாவுக்கு எல்லார் முன்னிலையிலும் ஒரு தொப்பி பரிசளித்தார். வெள்ளைத் தொப்பி, வெயில் படாமல் அகல விளிம்பு, சுற்றிலும் பச்சை நாடா. அவருக்கு அது பொருந்திய அழகைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலிக்கு வெளியே கூட்டம் இரட்டித்தது.

அந்தச் சனிக்கிழமை முருகையா தானாகவே வந்து, வளையத்தோடு சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பைய வேலையப் பாரும்வே, மேல யாரும் ஏறாம நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தொப்பியைப் பார்க்கும்போது மட்டும் பத்தும் சேர்ந்து அரிக்கின்றன.